வங்கி ஏலத்தில் வீடு வாங்கியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் உறவுகளே. இலங்கை மலைநாட்டில் ஹட்டன், நாவலப்பிட்டி பக்கம் சின்னதாக ஒரு வீடு தேடுகிறோம். அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்கத் தோட்டத்து லயத்து அறையிலேயே இருந்துவிட்டார்கள். சொந்தப் பேரில் காணி உறுதிப் பத்திரத்தோடு ஒரு வீட்டில் அவர்களை உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

கடன் கட்டாத வீடுகளை வங்கிகள் பராட்டே முறையில், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வழக்குப் போடாமலே ஏலம் விடுகின்றன. வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வருகிறது. ஞாயிறு பேப்பரை விடாமல் பார்க்கிறேன். பெரும்பாலும் கொழும்பு, கம்பஹா பக்கத்துக் காணிகள்தான். மலைநாட்டு வீடுகளை வேறு எங்கே பார்க்கலாம்? கிளைக்கே போய் மெனேஜரிடம் கேட்டால் சொல்வார்களா?

பணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. வீட்டில் பழைய ஆட்கள் இன்னும் குடியிருந்தால்? விற்பனைச் சான்றிதழைக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் கட்டளை எடுக்கலாம் என்று சட்டத்தரணி ஒருவர் சொன்னார். அப்படி எடுத்தவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு காலம் போனது என்று சொல்லுங்கள். பிள்ளை குட்டிகளோடு இருப்பவர்களை வெளியேற்றி அந்த வீட்டுக்குள் போக எனக்கு மனம் வராது. அதனால் ஆளில்லாத வீடாக இருந்தால் நல்லது.

ஏலத்தில் முடிவான விலையில் பத்து வீதத்தை அன்றைக்கே கட்டி, மிச்சத்தை 30 நாளில் கட்டச் சொல்லித்தான் நான் பார்த்த அறிவித்தல்களில் இருந்தது. அதற்குள் இன்னொரு வங்கியில் வீட்டுக்கடன் எடுத்து முடித்தவர்கள் உண்டா? மண்சரிவு அபாயம் பற்றி ஏலத்துக்கு முன்பே கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்டுப் பார்த்தீர்களா?

தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள்.