1991 மியாட்டாவில் டிக் டிக் சத்தம்: எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

பாப்அப்91:

வணக்கம். டொரோண்டோவில் இருக்கிறேன். இந்த வசந்தத்தில் ஒரு 1991 மாஸ்டா மியாட்டா கார் வாங்கினேன். 1.6 லிட்டர் எஞ்சின், 5 கியர், மீட்டரில் 1,84,000 கி.மீ. முன்பு வைத்திருந்தவர் குளிர்காலத்தில் அதை வெளியே எடுப்பதே இல்லை, கராஜில் மூடிப் போட்டிருந்தார். துரு குறைவு, கூரைத் துணியும் நல்ல நிலை. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து 'டிக் டிக் டிக்' என்று வேகமாக ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அதுவும் கூடவே வேகமெடுக்கிறது. சூடான பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும், சில நாள் அடங்குவதில்லை. அப்புறம், நியூட்ரலில் நிற்கும்போது கீழே இருந்து மெல்லிய 'கிர்ர்' ஒன்று.

ஒரு கராஜில் காட்டினேன். பானட்டைத் திறந்து அரை நிமிடம் கேட்டுவிட்டு, "ராட் பேரிங் (பிஸ்டனின் ராட் கிராங்க் தண்டோடு சேரும் இடத்து பேரிங்) போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்றார்கள். காருக்கு நான் கொடுத்ததைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். உண்மையிலேயே எஞ்சின் போய்விட்டதா? ஓட்டலாமா?

ஹைவே401:

ஆயில் பிரஷர் மீட்டர் என்ன காட்டுகிறது? உங்களுடையது 91 என்பதால் அது உண்மையான மீட்டர், நம்பலாம். 95 முதல் வந்தவற்றில் பிரஷர் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டும் ஸ்விட்ச்தான், முள் எப்போதும் நடுவிலேயே நிற்கும். சூடான பிறகு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது) முள் எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். அதுவரை அதிகம் ஓட்ட வேண்டாம்.

ஸ்பானர்பெட்டி:

தம்பி, எஞ்சினை இறக்க விடாதீர்கள். டிக் சத்தத்துக்காக நல்ல எஞ்சின்களைக் கழற்றிப் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான் முக்கியம். ராட் பேரிங் தேய்ந்தால் வருவது கனமான 'டொக் டொக்', எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து. ஆயில் சூடாகி இளகினால் அது கூடும். 2,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 2,000 சுற்று) கொஞ்சம் மேலே பிடித்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் தெளிவாகக் கேட்கும். நீங்கள் சொல்வது எல்லாமே இதற்கு நேர்மாறு: மேலே, குளிரில், சூடானால் அடங்குகிறது.

1.6 எஞ்சினில் 16 வால்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ராலிக் டாப்பெட். அதற்குள் ஆயில் நிறைந்து நின்று, வால்வைத் திறக்கும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கார் நின்றால் அந்த ஆயில் வடிந்துவிடும், காற்று புகும். பழைய ஆயிலின் பிசுக்கு குறுகிய துளைகளை அடைத்தால் திரும்ப நிறையவும் நேரமாகும். அதுவரை தையல் மெஷின் போல அடித்துக்கொண்டே இருக்கும். குளிர்காலம் முழுக்க நின்ற காரில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். (99 முதல் வந்த மாடல்களில் ஹைட்ராலிக் டாப்பெட் கிடையாது. அவற்றில் டிக் கேட்டால் கதை வேறு.)

ஆனால் என் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கேம் கவரில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். அப்புறம் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், கடைசியாக எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பில். எங்கே உரக்கக் கேட்கிறதோ அதற்குப் பக்கத்தில்தான் காரணம். பெல்ட்டும் ஃபேனும் சுற்றுகின்றன, சட்டைக் கையும் தலைமுடியும் கவனம்.

அடுத்து, ஐடிலில் ஓடும்போது இன்ஜெக்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். ராட் பேரிங் என்றால், அந்த சிலிண்டரில் எரிதல் நின்றதும் சத்தம் குறையும் அல்லது மாறும். டாப்பெட் சத்தம் அப்படியே இருக்கும். பலர் ஸ்பார்க் வயரைப் பிடுங்குவார்கள், அது வேண்டாம். காயிலுக்கும் கெடுதல், எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிந்தாலும் இதே டிக்தான். அதுவும் சூட்டில் உலோகம் விரிந்ததும் அடங்கும், அதனால்தான் ஆட்களை ஏமாற்றும். மேனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் இடத்தில் கரிக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அந்த 'கிர்ர்' தனி விஷயம். கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் எஞ்சினோடு சம்பந்தமில்லை.

டாப்பெட்தான் என்று உறுதியானால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். டீசல் எஞ்சினுக்கும் ஏற்ற 5டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயிலை மியாட்டாக்காரர்கள் பலர் இதற்காகவே போடுகிறார்கள், பிசுக்கைக் கழுவும் சக்தி அதில் கூடுதல். மாற்றிய பிறகு எஞ்சினைச் சூடாக்கி, 2,000-க்கும் 3,000-க்கும் நடுவே கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், காற்று வெளியேறும். கடையில் விற்கும் எஞ்சின் ஃப்ளஷை மட்டும் ஊற்றாதீர்கள். மொத்தமாகப் பெயர்ந்து வரும் கசடு ஆயில் பம்ப்பின் வலையை அடைத்தால், இல்லாத ராட் பேரிங் பிரச்சினை நிஜமாகவே வந்துவிடும்.

பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுக்கினால் உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

ஹைவே401:

ஒன்றைச் சேர்க்கிறேன். 90-லும் 91-ன் ஆரம்பத்திலும் வந்த 1.6-களில் கிராங்கின் முன்மூக்கு குட்டையாக இருக்கும். முன்னால் உள்ள புல்லி வீலில் 4 வெட்டு இருந்தால் அந்த வகை, 8 இருந்தால் பிந்தியது. குட்டை மூக்கில் போல்ட் தளர்ந்தால் சாவிக்காடி (புல்லியைக் கிராங்கோடு பிடித்து வைக்கும் சின்ன சாவி உட்காரும் பள்ளம்) தேய்ந்து புல்லி ஆட ஆரம்பிக்கும், வால்வுகள் திறக்கும் டைமிங்கும் விலகும். ஐடிலில் புல்லியைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

பாப்அப்91:

அண்ணா, இருவருக்கும் நன்றி. சொன்னதையெல்லாம் செய்தேன்.

சூடான பிறகு ஐடிலில் பிரஷர் 20 பிஎஸ்ஐ பக்கம் நிற்கிறது, 3,000-க்குக் கொண்டுபோனால் 50-ஐத் தாண்டுகிறது. ஸ்க்ரூடிரைவரில் கேம் கவரின் இன்டேக் பக்கம், 3-ஆம் சிலிண்டருக்கு மேலே படபடவென்று கேட்டது. சம்ப்பில் ஒன்றுமில்லை. எந்த இன்ஜெக்டரைக் கழற்றியும் டிக் மாறவில்லை. மேனிஃபோல்ட்டில் கரி இல்லை. 'கிர்ர்' கிளட்சை மிதித்தால் நிற்கிறது.

பழைய ஆயில் தார் நிறத்தில் வந்தது. ஃபில்டரில் மினுக்கம் எதுவும் தெரியவில்லை. புது ஆயிலுக்குப் பிறகு டிக் காலையில் கொஞ்ச நேரம் மட்டும், அதுவும் முன்பைவிட மெல்ல. புல்லியில் 4 வெட்டுதான், ஆனால் ஆட்டம் தெரியவில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது கிடையாது.

ஸ்பானர்பெட்டி:

ரொம்ப சந்தோஷம். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு. நீங்கள் அதற்கு நன்றாகவே மேலே இருக்கிறீர்கள். இந்த எஞ்சினின் கீழ்ப்பாதி ஆரோக்கியமாக இருக்கிறது, தைரியமாக ஓட்டுங்கள். அடுத்த ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள், மிச்சமிருக்கும் டிக்கும் குறைய வாய்ப்பு உண்டு. அப்போதும் ஒரு டாப்பெட் மட்டும் அடித்தால், கேமைக் கழற்றி அதை எடுத்துச் சுத்தம் செய்யலாம். இரண்டு கேமும் மேலேயே இருப்பதால் எஞ்சினை இறக்கும் வேலையே இல்லை.

கியர்பாக்ஸில் 75டபிள்யூ-90 ஆயில் 2 லிட்டர் பிடிக்கும், மாற்றிவிடுங்கள். 'கிர்ர்' கூடாமல் இருக்கும்வரை அதைத் தொட வேண்டாம்.

ரசீது இல்லாத டைமிங் பெல்ட்டை மாற்றாத பெல்ட் என்றே வையுங்கள். 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வு பிஸ்டனில் இடிக்காது, ஆனால் 401 ஹைவேயின் நடு லேனில் நின்றுபோவீர்கள். குட்டை மூக்கின் போல்ட்டை அதுவரை தொடாதீர்கள். பெல்ட் வேலைக்காகக் கழற்றும்போது சாவியையும் காடியையும் நன்றாகப் பார்த்து, திரும்பப் பூட்டும்போது புது சாவி, புது போல்ட் போடச் சொல்லுங்கள். வாட்டர் பம்ப்பும் கிராங்க் சீலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, சேர்த்தே மாற்றிவிடுங்கள்.