சாக்கோவின் பஞ்சவர்ணக்கிளிகள்: வணிகர் கொண்டுவந்தவையா, வளர்த்தவையா?

மணற்கேணி:
அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாக்கோ பள்ளத்தாக்கு வறண்ட பூமி; 1150 வாக்கில் ஓய்ந்துபோன பழங்குடி ஊர்கள் அங்கே உண்டு. அவற்றில் பெரிய கல்வீட்டுத் தொகுதியான புவெப்லோ பொனிடோவின் 38ஆம் அறையில் மட்டும் பஞ்சவர்ணக்கிளிகள் பன்னிரண்டுக்குக் குறையாமல் கிடைத்தன. அவை இயல்பாக வாழும் மெக்சிகோ காடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். சுமைக்கு மாடில்லை, சக்கரமில்லை. நாளுக்கு 25 கி.மீ. நடந்தாலும் 40 நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் குஞ்சுக்கு வேளாவேளைக்கு இரை ஊட்ட வேண்டும். ஊருக்கு ஊர் கைமாறினால் அது பிழைக்காது. தெற்கிலிருந்து வணிகர் நேராக வந்திருக்கிறார்கள்.

கூர்ங்கல்:
ஒவ்வொரு கிளியும் தெற்கிலிருந்தே வந்தது என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? சாக்கோவிலும் அதற்குத் தெற்கே மிம்பிரஸ் பகுதியிலும் கிடைத்த 14 கிளிகளின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை, அதாவது தாயிடமிருந்து மட்டும் வருவதை, 2018இல் படித்தார்கள். 70 சதவீதத்துக்கு மேல் ஒரே தாய்வழி. காட்டில் அங்கங்கே பிடித்திருந்தால் இப்படி அமையாது. எங்கோ வடக்கே வளர்ப்புப் பண்ணை இருந்திருக்க வேண்டும். சில ஜோடிகள் வந்திருந்தாலே போதும்.

மணற்கேணி:
பண்ணை என்றால் முட்டை ஓடு எங்கே? மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துப் பழைய ஊரான பாக்கிமேயில் கூண்டு, முட்டை ஓடு, 300க்கு மேல் கிளிகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அது 1250க்குப் பிந்தையது; சாக்கோ ஓய்ந்து நூறு வருஷம் கழித்து. கோகோவையும் மறக்காதீர்கள். 2009இல் சாக்கோவின் உருளைக் குவளைச் சில்லு ஐந்தில் மூன்றில், கோகோவில் உள்ள தியோபுரோமின் என்ற வேதிப்பொருள் கிடைத்தது. கோகோ மரம் அந்தப் பாலையில் வளராது.

செம்மண்:
கோகோ விஷயத்தில் கொஞ்சம் நிதானம். சில்லின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு, உள்மண்ணைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்து எடுப்பதே முறை. மேல்தோலை விட்டுவிட்டால் கையிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒட்டிய காபீனும் சேர்ந்து வரும். அருங்காட்சியகத்தில் பல்லாண்டு கிடந்த பானைகளில் இதுதான் தலைவலி. அந்த ஐந்து சில்லும் புதிதாகத் தோண்டியவை என்பது அவற்றின் பலம். கோகோவில் தியோபுரோமின் மிகுதி, காபீன் குறைவு. வட அமெரிக்கப் புதரான யாப்பனின் இலையில் நேர்மாறு. விகிதம் பார்க்காமல் “காபீன் வந்தது, ஆகவே கோகோ” என்பது தப்பு.

கூர்ங்கல்:
கோகோவை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஈடாக வடக்கிலிருந்து டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் போனது என்பதுதானே பழைய வாதம்? மெக்சிகோவின் அஸ்டெக், மிஸ்டெக் மக்கள் கல்துண்டுகளை ஒட்டிச் செய்த பதிப்புவேலைகளில் உள்ள டர்க்காய்ஸ் கற்களின் ஈயம், ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகளை (கல் எங்கே தோன்றியது என்று காட்டும் அணுவகைகளை) அளந்து 2018இல் வெளியிட்டார்கள். அவை மெக்சிகோவின் சொந்தத் தாதுப் பாறைகளோடுதான் பொருந்துகின்றன.

மணற்கேணி:
அஸ்டெக் காலம் எது, சாக்கோ காலம் எது? இருநூறு வருஷத்துக்கு மேல் பிந்திய கல்லை வைத்து 1100 வாக்கில் நடந்ததைத் தீர்க்க முடியாது.

கூர்ங்கல்:
அது சரியான அடி. அப்படியானால் முட்டையோட்டையும் அதே கண்ணோடு பாருங்கள். 38ஆம் அறையைத் தோண்டியது 1890களில். நுண்சல்லடை போட்டுச் சலிக்கும் வழக்கமே அன்றில்லை. நகத்தளவு ஓடு மண்ணோடு போயிருக்கும். தரையில் தடித்துப் படிந்த பறவை எச்சத்தை மட்டும் எழுதிவைத்தார்கள்.

செம்மண்:
எச்சம், கிளிகள் அங்கே நெடுநாள் வாழ்ந்ததைச் சொல்லும்; குஞ்சு பொரித்ததைச் சொல்லாது. குஞ்செலும்பு ஒன்று அகப்படும் வரை பண்ணை வேறெங்கோதான்.