மறு: ‘இன்ஃபர்மேஷன் சென்ட்’ – குறிப்பா, மணமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் இணைப்பைத் திறக்கும் முன்பே, உள்ளே வேண்டியது இருக்கும் என்று நமக்குத் தோன்றவைக்கும் அறிகுறியே ‘இன்ஃபர்மேஷன் சென்ட்’ (information scent). அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் ஈப்போ ஐயா தந்த ‘தகவல் குறிப்பு’ எனக்கு நெருடுகிறது. குறிப்பு என்றால் இருக்கும், அல்லது இருக்காது. நாம் பெயர் தேடும் பொருளோ கூடும், குறையும், பாதி வழியில் அற்றும் போகும்.

1990களில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பீட்டர் பிரொல்லியும் ஸ்டூவர்ட் கார்டும் இச்சொல் இடம்பெறும் ‘இன்ஃபர்மேஷன் ஃபோரேஜிங்’ (information foraging) கோட்பாட்டை வளர்த்தபோது, விலங்குகள் இரை தேடும் முறையைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். இந்தப் பக்கம் போனால் எவ்வளவு கிடைக்கும், அதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதே கணக்கு. நாமும் தலைப்பையும் கீழே வரும் இரண்டு வரியையும் வைத்து உள்ளே என்ன இருக்கும் என்று எடைபோடுகிறோம்.

போன தைப்பூசத்துக்கு முன் பட்டர்வொர்த்தில் என் அத்தை கைப்பேசியில் ‘தண்ணிமலை வெள்ளி ரதம் எத்தன மணிக்கு’ என்று தட்டினார். தண்ணிமலை பினாங்கில் உள்ள முருகன் கோயில். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ‘சிறப்புச் செய்திகள்’ என்ற முதல் முடிவில் விரல் நிற்கவே இல்லை. ‘ரதம் புறப்படும் நேரம், செல்லும் வழி’ என்ற வரியில் நின்றது. திறந்தால் பழைய படங்கள் மட்டும். இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டு, “இதுல இல்லப்பா” என்று திரும்பிவிட்டார். மணம் வந்தது, தொடர்ந்தார், அற்றது, விட்டார். இதைக் ‘குறிப்பு’ வைத்துச் சொல்லிப் பாருங்கள், வராது.

சரி, எந்தச் சொல்? ‘வாடை’ பேச்சில் கெட்ட பக்கம் சாய்ந்துவிட்டது. ‘நாற்றம்’ பழைய தமிழில் நறுமணம்தான், ஆனால் இன்று எந்த மாணவனிடமும் சொல்ல முடியாது. ‘மோப்பம்’ நல்ல சொல். ஆனால் அது தேடுகிறவர் செய்யும் வேலை. இணைப்பில் இருப்பது மணம், அதைப் பிடிப்பது மோப்பம். இரண்டையும் இப்படிப் பிரித்துவைத்தால் இரண்டுமே பயன்படும். ‘மணம்’ திருமணத்தோடு குழம்பும் என்றார் ஐயா. ‘தகவல் மணம்’ என்று சேர்த்துச் சொன்னால் யாரும் பந்தலைத் தேடமாட்டார்கள்.

இன்னொரு லாபம்: ‘மேலும் படிக்க’, ‘இங்கே அழுத்தவும்’ என்று நம் தளங்கள் முழுக்க இறைந்து கிடக்கின்றனவே, அவற்றை ‘மணமற்ற இணைப்புகள்’ என்று ஒரே சொல்லில் சுட்டலாம். தளம் அமைப்பவருக்கு என்ன குறை என்று உடனே புரியும்.

‘இன்ஃபர்மேஷன் ஃபோரேஜிங்’ என்பதற்குக் கிள்ளான் அக்கா சொன்ன ‘தகவல் மேய்ச்சல்’ கேட்க அழகுதான். ஆனால் மேய்ச்சல் என்றதும் நுனிப்புல் வந்து ஒட்டிக்கொள்ளும். அத்தை நுனிப்புல் மேயவில்லை. வேண்டியது இல்லை என்று தெரிந்துதான் திரும்பினார். அதற்குத் ‘தகவல் இரைதேடல்’ இருக்கட்டும்.

அப்புறம், இதே கோட்பாட்டில் இரை சேர்ந்து கிடக்கும் இடத்தைக் குறிக்கும் ‘பேட்ச்’ (patch). மணல்திட்டு, புல்திட்டு என்கிறோமே, அந்தத் ‘திட்டு’ போதும் என நினைக்கிறேன். அக்கா, இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள். இந்த வாரமே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து