ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மாத்திரையை விட முடியல, காளான் தெரபி உதவுமா?

விடியாத ராத்திரி:
முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு, வலிக்குன்னு குடுத்த ட்ரமடால் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு வேளை தள்ளிப்போனா போதும், கொட்டாவி மேல கொட்டாவி, மூக்கு ஒழுகுது, படுத்தா கால் ரெண்டும் அதுபாட்டுக்கு உதறுது. வலிக்காகப் போடுறேனா இல்ல இதுக்குப் பயந்து போடுறேனான்னு எனக்கே புரியல. மாயத்தோற்றம் காட்டுற சைலோசைபின் காளான், இபோகெய்ன் இதெல்லாம் ஒரே தடவைல விட வச்சிடும்னு வீடியோவா வந்து விழுது, நிஜமா?

ஆறாம்விரல்:
இபோகெய்ன் வெறும் கதை இல்லைங்க. ஆப்பிரிக்கால இருக்குற காபோன் நாட்டுல சடங்குல சாப்பிடுற இபோகா செடியோட வேர்ப்பட்டைல இருக்குறது. 1962ல ஹோவர்ட் லாட்சாஃப்னு ஹெராயின் பழக்கம் இருந்த ஒரு அமெரிக்கப் பையன் சும்மா போதைக்காக சாப்பிட்டுட்டு, எறங்கினப்புறம் ஹெராயின் தேடவே இல்லைன்னு சொல்லித்தான் வெளிய தெரிஞ்சுச்சு.

நைட் டியூட்டி:
மீதிக் கதையையும் சொல்லுங்க தம்பி. இபோகெய்ன் இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கும், அதுலயே செத்தவங்க இருக்காங்க. அப்புறம் ட்ரமடால் செரட்டோனின்ங்கற மூளை ரசாயனத்தையும் ஏத்துற மாத்திரை, வலிப்பும் வரலாம், காளானும் போய் உக்கார்றது செரட்டோனின் ஒட்டுற அதே ரிசப்டர்லதான், ரெண்டையும் வீட்ல கலந்து பாக்குற விஷயமே இல்ல. ஆஸ்திரேலியால 2023 ஜூலைல இருந்து சைலோசைபினை சைக்காட்ரிஸ்ட் எழுதலாம், ஆனா அது எந்த மருந்துக்கும் மசியாத டிப்ரெஷனுக்கு, வலிக்கோ மாத்திரை பழக்கத்துக்கோ இல்ல. கெட்டமைன்ங்கற மயக்க மருந்து வேற கணக்கு, ஆபரேஷன் சமயத்துல ஓபியாய்டை, அதாவது ட்ரமடால், மார்ஃபின் மாதிரி வலி மருந்தைக் குறைக்கன்னே கொஞ்சமா ஏத்துறது உண்டு, மானிட்டர் மாட்டித்தான்.

விடியாத ராத்திரி:
அப்ப நாளைக்கே ஒரேயடியா நிறுத்திடவா?

பாதி மாத்திரை:
ஐயோ வேணாம். நான் அப்படி நிறுத்தி மூணாம் நாள் ராத்திரி பாத்ரூம் தரையிலயே கெடந்தேன். அப்புறம் டாக்டர் இந்தப் பழக்கத்தை விட வைக்கக் குடுக்குற ப்யூப்ரநார்ஃபின் மாத்திரையை ஆரம்பிச்சாரு, அதையும் பழைய மாத்திரை எறங்கி நடுக்கம் வந்தப்புறம்தான் நாக்குக்கடில வைக்கணும், முன்னாடியே வச்சா இன்னும் மோசமாயிடும். நானோ தினம் எட்டு மாத்திரை போட்டுட்டு வெக்கப்பட்டு நாலுன்னு சொல்லி வச்சேன், குடுத்த டோஸ் பத்தாம அந்த வாரம் பூரா தூக்கமில்ல.

விடியாத ராத்திரி:
போன விசிட்ல நானும் பாதிதாங்க சொன்னேன். திங்கக்கிழமை காலி மாத்திரை அட்டையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போறேன்.