கோவில்பட்டியில் 3,500-க்குள் வாடகை வீடு கிடைக்குமா? வாடகைக்கு அரசு உதவி ஏதாவது உண்டா?

கரிசல்பூ:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன், மாதம் 7,800 வருகிறது. கணவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அம்மாவும் ஆறாம் வகுப்பு படிக்கும் பையனும் என்னோடு இருக்கிறார்கள். அம்மா முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை செய்தவர், இப்போது முட்டுவலியால் வீட்டில்தான் இருக்கிறார்.

இப்போது இருப்பது ஒரு வளவு வீடு, ஒரே காம்பவுண்டுக்குள் பல குடும்பங்கள். வாடகை 3,000. கரண்டுக்கு சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் தனி. போன வாரம் ஓனர் வந்து, ஆவணியிலிருந்து 5,000 தந்தால் இருங்கள், இல்லையென்றால் ஆடி முடிவதற்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அட்வான்ஸ் 20,000 கொடுத்திருக்கிறேன், அதற்கு ரசீது கிடையாது, அக்ரிமெண்டும் போடவில்லை. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை கழித்துக்கொள்வேன் என்று இப்போதே சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து வீடு பார்த்தேன். இரண்டு இடத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை. மற்ற மூன்றிலும் முதல் கேள்வியே "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்பதுதான். பதில் சொன்னதும், சொந்தக்காரங்க வர்றாங்க, அவங்களுக்குக் கொடுக்கணும் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் எந்த ஆளுங்க என்று நேராகவே கேட்டார்கள். பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து, "அப்பா இருந்தா கொடுத்திருப்பாங்களாம்மா?" என்றான்.

தெரிந்த ஒருவர், 2 லட்சம் புரட்டினால் ஒத்திக்கு வீடு முடித்துத் தருகிறேன், வாடகையே வேண்டாம், காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்ப வந்துவிடும் என்கிறார். நகையை வைத்து அந்தப் பணத்தைப் புரட்டலாமா? வாடகைக்கு அரசு ஏதாவது உதவி தருகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மந்தித்தோப்பு அண்ணன்:

தங்கச்சி, கவலைப்படாதீர்கள், நம்ம ஊரில் 3,500-க்கு இன்னும் வீடு இருக்கிறது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தேடினால் மட்டும் கிடைக்காது. இலுப்பையூரணி, மந்தித்தோப்பு, இனாம்மணியாச்சி பக்கம் போய்ப் பாருங்கள். நாலாட்டின்புதூர் பக்கம் வேண்டாம், அங்கே காலேஜ் பையன்கள் நாலு பேர் சேர்ந்து எடுப்பதால் வாடகை ஏறிக்கிடக்கிறது.

வீடு தேட ஆடி மாதம் மாதிரி நல்ல நேரம் கிடையாது. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் ஆனியில் காலியான வீடு அப்படியே பூட்டிக்கிடக்கும், ஓனருக்கும் ஒரு மாத வாடகை போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அப்போது போய் ஆவணி ஒன்றாம் தேதி வருகிறேன், டோக்கன் அட்வான்ஸ் இப்போதே தருகிறேன் என்றால் ஐநூறு ரூபாய் குறைத்துப் பேச முடியும். நான் மூன்று வீடு மாறினேன், மூன்றுமே ஆடியில் பேசி முடித்ததுதான்.

புரோக்கரிடம் போனால் ஒரு மாத வாடகை அவருக்குப் போய்விடும். தண்ணீர் கேன் போடுகிற பையன், இஸ்திரி போடுகிறவர், பால்காரர், இவர்களிடம் சொல்லி வையுங்கள். எந்த வீட்டில் கேன் நின்றுபோனது என்று அந்தப் பையனுக்குத்தான் முதலில் தெரியும்.

வீடு பார்க்கும்போது தண்ணீரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, தொட்டி எல்லாருக்கும் பொதுவா, மோட்டார் சுவிட்ச் யார் வீட்டில் இருக்கிறது, இதையெல்லாம் ஓனரிடம் கேட்பதைவிட பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் கேளுங்கள். லாரித் தண்ணீர் வாங்க ஆரம்பித்தால் 3,500 வாடகை 4,500 ஆகிவிடும்.

ஒத்தியில் அடிபட்டவன்:

அந்த ஒத்தி விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

நான் பக்கத்து ஊரில் 3 லட்சம் கொடுத்து மூன்று வருஷ ஒத்திக்கு ஒரு வீடு எடுத்தேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போட்டார்கள், அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் நிம்மதியாக இருந்தோம். ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், கதவில் வங்கி நோட்டீஸ், நாலு மூலையிலும் பசை இன்னும் காயவில்லை. ஓனர் எனக்கு முன்னாலேயே அந்த வீட்டை வங்கியில் வைத்துக் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டிருக்கிறார். என் மனைவி அந்த நோட்டீஸைக் கிழிக்கவும் பயந்து, படிக்கவும் பயந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பணத்தில் பாதிகூட இன்னும் வரவில்லை.

ஒத்தி என்பது சட்டப்படி ஓர் அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் என்றால் பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும், சொத்து மாற்றுச் சட்டத்தில் 59-ஆம் பிரிவே அதைத்தான் சொல்கிறது. நம் ஊர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பதிவு செய்கிறார்கள்? செலவாகும், சார்பதிவாளர் ஆபீசுக்கு அலைய வேண்டும், தெரிஞ்ச பையன்தானே என்று விட்டுவிடுகிறோம். நான் அதைத்தான் செய்தேன்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள், அதாவது அந்த வீட்டின் மேல் அடமானம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று; பார்ப்பதற்குக் காசு கிடையாது. அப்புறம் அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ்தான் இருக்கிறது என்று இழுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், அசல் வேறு எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்றுதான் நினைக்க வேண்டும். நகைக்கு வட்டி, அசலுக்குப் பயம், இரண்டையும் சேர்த்துச் சுமக்க உங்கள் சம்பளத்தில் முடியாது. என் கருத்து, ஒத்தி வேண்டாம்.

இ-சேவை அக்கா:

நான் ஒரு இ-சேவை மையத்தில் எட்டு வருஷமாக இருக்கிறேன். வாடகைக்கு என்று மாதாமாதம் பணம் தரும் திட்டம் நம் மாநிலத்தில் உங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் வீடு ஒதுக்குகிறது. ஆனால் அது வாடகை வீடு கிடையாது, நம் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டும், சொந்த வீடு இருக்கக்கூடாது, வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்து வையுங்கள், ஆனால் ஆவணிக்குள் அது உதவாது.

உங்களுக்குப் பொருந்துவது வேறு ஒன்று. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தந்தையை இழந்து தாயோடு வாழும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. நகரப் பகுதியில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 96,000-க்குள் இருக்க வேண்டும். உங்களுடையது 7,800 பெருக்கல் 12, அதாவது 93,600. கணக்கு போட்டுப் பார்த்ததும் எனக்கே ஒரு சந்தோஷம். தூத்துக்குடியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, அங்கேதான் விண்ணப்பம். கணவரின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, பையனின் படிப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பையன் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். குழு கூடி ஒப்புதல் தர வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் நாளைக்கே வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறதா என்றும் பாருங்கள்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2017-இல் வந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. உங்களிடம் ரசீது இல்லாததுதான் சிக்கல். சண்டை போடாமல், "அண்ணே, நான் கொடுத்த 20,000-ல வெள்ளையடிக்கப் போக எவ்வளவு தருவீங்க?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அவர் பதில் போட்டால் பணம் வாங்கினார் என்பதற்கு அதுவே எழுத்து.

இரண்டு போர்ஷன்காரி:

நான் வீடு வாடகைக்கு விடுகிறவள், வயது அறுபது. உன் பையன் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை மகளே. நானும் மூன்று வருஷத்துக்கு முன்னால் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு அதே பொய்யைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வாடகை ஒழுங்காக வருமா, தனியா இருக்கிற பிள்ளைக்கு நான் பொறுப்பாக வேண்டி வருமா என்று பயம். அந்தப் பெண் வெயிலில் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்துபோனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் செய்தது தப்பு.

வீடு பார்க்கப் போகும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. பெரியவர்கள் இருந்தால் ஓனருக்கு ஒரு தைரியம். வாடகை மாசம் அஞ்சாம் தேதிக்குள் கூகுள் பே-யில் வந்துவிடும் என்று நீயே முதலில் சொல். உனக்கும் கணக்கு நிற்கும். எந்த ஆளு என்று கேட்கிற வீடு உனக்கு வேண்டவே வேண்டாம், அங்கே போனாலும் நிம்மதி இருக்காது.

கரிசல்பூ:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தண்ணீர் கேன் தம்பி சொல்லித்தான் இலுப்பையூரணியில் ஒரு வீடு கிடைத்தது. ஒரு ரூம், சமையல்கட்டு, கக்கூஸ் தனி, தண்ணீர்த் தொட்டி பொது. 4,000 சொன்னார்கள், ஆடி என்பதால் 3,600-க்கு இறங்கினார்கள். அம்மாவைக் கூட்டிப் போனேன், ஓனர் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினவராம், இரண்டு பேரும் அரை மணி நேரம் கட்டை அடுக்கின கதையையே பேசிக்கொண்டிருந்தார்கள். அட்வான்ஸ் 10,000, அக்ரிமெண்ட் போட்டாயிற்று, யூனிட் ரேட்டும் அதிலேயே எழுதியாயிற்று.

பழைய ஓனர் வாட்ஸ்அப்பில் "17 தரேன்" என்று பதில் போட்டார். 12,000 வந்துவிட்டது, மீதி 5,000 இந்த மாசக் கடைசியில் என்கிறார். ஒத்திக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நகை வீட்டிலேயே இருக்கிறது. தூத்துக்குடியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன் அக்கா, விசாரணைக்கு வீட்டுக்கு வருவோம் என்றார்கள், புது முகவரியையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆவணி பிறந்த மறுநாள் பால் காய்ச்சினோம். பையன்தான் அடுப்பைப் பற்ற வைத்தான்.