சிக் சாவர் பி320 கைத்துப்பாக்கியை எவ்வாறு மதிப்பிடுவது?

அஸ்தம்பட்டி வாசகர்: சேலத்தில் .32 ரிவால்வருக்கு உரிமம் பெற்றுள்ள நான், அமெரிக்காவில் குடியேறிய தம்பி வாங்க நினைக்கும் பழைய பி320-இல் எதைக் கவனிக்க வேண்டும் என்று அறிய விரும்புகிறேன்.

ஏற்காடு, முன்னாள் படைவீரர்: ஐயா, வரிசை எண் பொறித்த உட்பொறியே அங்கு சட்டப்படி துப்பாக்கி என்பதால், அதை உருவி வேறு கைப்பிடியில் பொருத்திக்கொள்ளலாம், உள்ளங்கைக்கு ஏற்ற அளவு அமைவது பெரிய நன்மை. ஆனால் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற புகார் எழுந்ததால், 2017-இல் நிறுவனமே பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. மாற்றிய விசை (விரலால் இழுக்கும் பாகம்) முன்னதைவிட மெல்லியதாக இருக்கும். முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்லுங்கள்.

சூரமங்கலம் வாசகர்: சுடத் தயாராக உள்ளதைக் காட்டும் சுத்தியல் வெளியே தெரியாத அமைப்பு இது, ஆகவே குழலின் பின்புறத் தோட்டா அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வது கட்டாயம். பி320 பெரும்பாலும் வரும் 9 மி.மீ., இந்தியாவில் தடைசெய்யப்பட்ட துளையளவு என்பதையும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.