உதவி: 0.3-ஐ விடப் பெரியதா என்று பாஷ் என்ற கட்டளை ஷெல்லில் கேட்டால் எல்லா டைலும் பச்சைக்குப் போகிறது

வடலி:
அவசரம். யாழ் குடாநாட்டின் சென்டினல் 2 செயற்கைக்கோள் படத்தில் என்டிவிஐ (பசுமைக் குறியீடு) எடுத்து டைல் டைலாக (சிறு துண்டுகளாக) வெட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் சராசரியையும் ஜிடால்இன்ஃபோ என்ற கட்டளையில் எடுத்து, 0.3-ஐ விடக் கூடினால் ‘பச்சை’ போல்டருக்கு நகர்த்த வேண்டும். முதலில் ஒப்பிட -ஜிடி (‘பெரியதா’) போட்டேன்; ‘இன்டிஜர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்பெக்டட்’ (முழு எண் வேண்டும்) என்று வந்தது. அதை எடுத்துவிட்டு > போட்டேன். பிழைச் செய்தி போய்விட்டது, ஆனால் எல்லாமே பச்சைக்குப் போகிறது, கடல்கூட. நாளைக் காலை வரைபடம் கொடுக்க வேண்டும். யாராவது சொல்லுங்கோ.

நாவற்குழியான்:
ஸ்கிரிப்டின் முதல் வரி என்ன? ஒற்றைச் சதுர அடைப்பா, இரட்டையா? உபுண்டுவில் எஸ்எச் என்று ஓட்டினால் ஓடுவது டாஷ், பாஷ் இல்லை. சராசரியை வெட்டி எடுக்கும் வரியையும் போடுங்கள். இதெல்லாம் இல்லாமல் ஊகிக்கத்தான் முடியும்.

கீரிமலைக்காற்று:
எனக்கென்னவோ பழைய புள்ளிவிவரம் என்றுதான் படுகிறது. ஜிடால்இன்ஃபோ ஒருமுறை சராசரி கணித்தால் பக்கத்தில் ஆக்ஸ் எக்ஸ்எம்எல் என்று ஒரு பைலில் எழுதி வைத்துவிடும். டைலை அதே பெயரில் மறுபடி வெட்டினாலும் அந்தப் பைல் இருந்தால் பழைய எண்ணையே தரும். அவற்றை எல்லாம் அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மூத்தவர்:
பாஷின் கணக்கு முழு எண்ணுக்கு மட்டும். மேனுவலில் தெளிவாக இருக்கிறது. ராஸ்டரை (பிக்சல் படத்தை) தொடும் முன் அதைப் படித்திருக்க வேண்டும். பைதானில் ராஸ்டரியோ நூலகம் கொண்டு சில வரிகளில் முடிகிற வேலை இது. ஷெல் பைல்களை நகர்த்தத்தான்.

செம்மண்:
வடலி, ஸ்கிரிப்ட் ஓடுகிற போல்டரில் 0.3 என்ற பெயரில் ஒரு பைல் கிடக்கிறதா? அளவு பூச்சியமாக இருக்கும்.

வடலி:
ஓம் அண்ணை, கிடக்கு! நான் அப்படி ஒன்றும் உருவாக்கவில்லையே. முதல் வரி பாஷ்தான், அடைப்பு ஒற்றை.

செம்மண்:
அப்போ அதுதான் காரணம். ஒற்றை அடைப்புக்குள் > என்பது ‘பெரியது’ இல்லை, வெளியீட்டைப் பைலுக்குத் திருப்பும் குறி. ஷெல் 0.3 என்று ஒரு வெற்றுப் பைலைத் திறந்துவிட்டது. அடைப்புக்குள் மிஞ்சியது சராசரி மட்டும். ‘இந்தச் சொல் வெறுமையா’ என்றுதான் சோதனை நடந்திருக்கிறது. வெறுமை இல்லை, ஆகவே உண்மை. அதனால்தான் கடலும் பச்சை.

வடலி:
இரட்டை அடைப்பு போட்டேன், பச்சை சரியாகிவிட்டது. ஆனால் ‘நீர்’ போல்டரில் கடல்நீரேரி டைல் ஒன்றுகூட இல்லை. அராலிப் பக்கத்துத் தரவை (வெறும் தரிசு நிலம்) டைல்கள் மட்டும் போய் இருக்கின்றன.

நாவற்குழியான்:
எந்த நீர் போல்டர்? அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லவே இல்லையே தம்பி.

வடலி:
சராசரி -0.1-ஐ விடக் குறைந்தால் நீர். 0.3 போலவேதான் என்று நினைத்து எழுதாமல் விட்டேன்.

தெல்லிப்பளையான்:
சுலபமான வழி: டிஆர் கட்டளை கொண்டு புள்ளியை நீக்கிவிட்டு முழு எண்ணாக ஒப்பிடுங்கள்.

செம்மண்:
வேண்டாம். 0.3 வெறும் 03 ஆகும், 0.25 என்பது 025 ஆகும், 25 பெரிதாகிவிடும். எல்லாவற்றுக்கும் நான்கு தசம இடம் என்று பிரின்ட்எஃப்பில் சமப்படுத்தினாலும் தொல்லை தீராது. 0.0412 புள்ளி போனதும் 00412. முன்னால் பூச்சியம் இருந்தால் இரட்டை வளைவு அடைப்பு அதை எண்ம எண்ணாக (எட்டை அடியாகக் கொண்டு) வாசித்து 266 என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். 0.0832 என்றால் 8 எண்மத்தில் இல்லாததால் பிழை சொல்லி நிற்கும். பிழை சொல்லாத முதலாவதுதான் ஆபத்து.

வடலி, இரட்டைச் சதுர அடைப்பில் > உம் < உம் எண்ணை ஒப்பிடுவதில்லை, எழுத்தெழுத்தாக ஒப்பிடுகின்றன. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட சாதாரணத் தசமங்களில் விடை தற்செயலாகச் சரியாக வரும். எதிர்மத்தில் தலைகீழ். -0.35-ஐயும் -0.1-ஐயும் வைத்தால் 3 என்ற எழுத்து 1-க்குப் பின்னால் வருவது, ஆகவே -0.35 ‘பெரிது’. -0.05 ‘சிறிது’. நீரேரி வெளியே நிற்க, தரவை உள்ளே போனது இதனால்தான்.

ஆக் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள், அது தசமத்தை எண்ணாகவே ஒப்பிடும். -வி கொடுத்து சராசரியையும் எல்லையையும் இரண்டு மாறிகளாக அனுப்புங்கள். பிகின் பகுதிக்குள் எக்ஸிட் எழுதி, ஆச்சரியக்குறி போட்டு, வளைவு அடைப்புக்குள் ஒப்பிடுங்கள். ஆச்சரியக்குறி கட்டாயம்: ஆக்குக்கு உண்மை 1, ஷெல்லுக்கு வெற்றி 0. இஃப்-ஐ நேரடியாக அந்தக் கட்டளையின் மேலேயே வைக்கலாம். மாறிகள் இரண்டோடும் +0 கூட்டிவிடுங்கள். அப்போதுதான் ஆக் அவற்றைச் சொல்லாக எடுக்காமல் எண்ணாகவே எடுப்பது உறுதி.

தெல்லிப்பளையான்:
அப்போ பிசி என்ற கணக்குக் கட்டளை? நான் எப்போதும் அதுதான்.

செம்மண்:
சாதாரண எண்ணுக்கு நல்லது. ஆனால் பிசி விடையை 1 அல்லது 0 என்று அச்சிடும், அதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதன் வெளியேறு நிலையை (எக்ஸிட் எண்ணை) நம்பினால் எல்லாம் உண்மையாகிவிடும். இன்னொன்று, சராசரி மிகச் சிறிதானால் ஜிடால் 8.7e-05 (அதாவது 0.000087) என்று எழுதும். பிசிக்கு அந்த வடிவம் புரியாது, ஆக்குக்குப் புரியும்.

மூத்தவர்:
இவ்வளவு பொறிகளை மனப்பாடம் செய்வதைவிட ஒரு மொழியை ஒழுங்காகக் கற்கலாம் என்றுதான் சொன்னேன். அதற்கும் மேல், டைலின் சராசரியை வைத்துப் பச்சை என்று முடிவு கட்டுவதே தவறு. தென்மராட்சிக் கரையில் பாதி நீரேரி -0.3, பாதி தோட்டம் 0.6 என்றால் சராசரி 0.15. தோட்டம் முழுவதும் காணாமல் போகும்.

கீரிமலைக்காற்று:
இதில் உங்களோடு உடன்படுகிறேன், ஆனால் அதற்குப் பைதான் நிரல் தேவையில்லை. ஜிடாலின் கணக்குக் கருவியான ஜிடால்_கால்க்கில் பிக்சல் பிக்சலாக 0.3-ஐத் தாண்டுகிறதா என்று கேட்டால் 1, 0 ராஸ்டர் கிடைக்கும். அதன் சராசரியே பச்சையின் பங்கு. தசம ஒப்பீட்டை ஜிடாலே செய்துவிடுகிறது.

மூத்தவர்:
ஜிடால்_கால்க் பைதானில் எழுதியதுதான்.

கீரிமலைக்காற்று:
எழுதியவர்கள் எதில் எழுதினால் என்ன, ஓட்டுவது ஷெல்லில் இருந்து. அதோடு 0.3 எந்த மாதத்துக்கு? மார்கழியில் மழை பெய்து வயல் நிற்கும்போது ஒரு கணக்கு. ஆவணியில் வலிகாமத்துச் செம்மண் கிணற்று நீர் பாயும் இடத்தில் மட்டும் பச்சை. இரண்டுக்கும் ஒரே எல்லை வைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூத்தவர்:
அது எல்லையின் பிரச்சினை. நான் சொல்வது முறையின் பிரச்சினை.

வடலி:
ஆக் சரி வந்தது. நீரேரி எல்லாம் நீரில். நன்றி செம்மண் அண்ணை, வரைபடம் கொடுத்தாச்சு.

நாவற்குழியான்:
ஒன்று பார்த்தீர்களா? படத்தின் ஓரத்தில் முழுக்க நோடேட்டாவாக (தரவே இல்லாமல்) இருக்கும் டைலுக்கு ஜிடால்இன்ஃபோ சராசரியே தராது, மாறி வெறுமையாக இருக்கும். +0 கூட்டியதும் அது பூச்சியம் ஆகி, பிழை எதுவும் சொல்லாமல் சாதாரண டைல்களோடு சேர்ந்துவிடும். ஆக்குக்கு அனுப்பும் முன் -இசட் போட்டு வெறுமையா என்று பார்த்துத் தனியாக ஒதுக்குங்கள். வடலி, உங்கள் ஓரத்து டைல்கள் எந்தப் போல்டருக்குப் போயின?